தோண்டாமல் வாங்கும் பட்டம்

தமிழ்நாட்டில் இப்போது பானை ஓட்டுக்கு இருக்கிற மவுசு பவுனுக்கு இல்லை. முதலமைச்சர் மேடையேறி ஆண்டுக் கணக்குச் சொல்கிறார். தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து கருப்பு-சிவப்புப் பானையை முன்னிட்டு ஒருவர் மேல் ஒருவர் பாய்கிறார்கள். கீழடியில் பதினெட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் அருங்காட்சியகம் கட்டியாயிற்று. மதுரைப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மொய் எழுதிய கையோடு கீழடியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறார்கள். இப்படியொரு காலத்தில் தொல்லியல் படிக்க வந்த பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளையின் முனைவர் பட்டத் தலைப்பை முடிவு செய்கிற கூட்டத்தில் ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ஒன்று மட்டும் கோபித்துக்கொள்ளும். சொல்லாவிட்டால் எல்லாமே தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளும். எனக்கு இரண்டாவதுதான் வசதி.

நீள மேசை, பேப்பர் தட்டில் மிக்சர், ஆடை கட்டத் தொடங்கிய டீ. நின்றுகொண்டிருந்த பெண் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி. அவள் அம்மா ஊரில் ஒரு கரடு. அடிவாரத்தில் கல்வட்டங்கள். சற்றுத் தள்ளி ஒரு மேட்டில், காலால் எத்தினாலே கிளம்புகிற இரும்புக் கசடு, உடைந்த சுடுமண் ஊதுகுழாய்த் துண்டுகள். கல்வட்டத்துக்குள் கிடப்பவர்களும் மேட்டில் இரும்பு உருக்கியவர்களும் ஒரே காலத்தவர்கள்தானா? ஆமென்றால், அவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? இவ்வளவுதான் அவள் கேள்வி. பத்துப் பக்கத்தில் எழுதி, வரைபடம் ஒட்டி, கூட்டத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொண்டுவந்திருந்தாள்.

இது சாதாரணக் கேள்வி அல்ல. தமிழகத் தொல்லியல் நூறாண்டுக்கு மேலாக செத்தவர்களின் குழிகளைத் தோண்டிய அளவுக்கு வாழ்ந்தவர்களின் வீடுகளைத் தோண்டியதில்லை. கீழடி இத்தனை சத்தம் போட்டதற்கு ஒரு காரணம், அது இடுகாடு இல்லை, குடியிருப்பு என்பதுதான். வாழ்விடம், தொழிற்கூடம், ஈமக்காடு மூன்றும் ஒரே ஊரில் கிடைத்த கொடுமணலைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் தோண்டத் தொடங்கியது. இரும்பு உருக்கிய உலை, மணிக்கல் பட்டறை, கல்வட்டம் என்று எல்லாம் அங்கே இருந்தன. அந்தப் பெண்ணின் கேள்விக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மேசையைச் சுற்றி இருந்த அத்தனை முனைவர்களில் ஒருவர் வாயிலிருந்தும் கொடுமணல் என்ற சொல் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு.

“ஏம்மா, சங்க இலக்கியமே இல்லையே?” என்றார் முதலாமவர்.

“சார், கசடுக் குவியலுக்கு...”

“புறநானூத்துல கொல்லர் வர்றாரும்மா. அதை ஒரு இயலா வச்சிடு. ஒரு கனம் கிடைக்கும்.”

இரண்டாமவர் அதுவரை கைப்பேசியில் இருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்: “ஓட்டுல குறியீடு ஏதும் கிடைக்குமா? சிந்துவெளியோட ஒப்பிட்டுடலாம். இப்ப அதுதான் போகுது.”

மூன்றாமவருக்கு வேறு கவலை. “கேள்விக்குறியோட தலைப்பு இருக்கக்கூடாது. பதிவாளர் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க.”

நெறியாளர் அதுவரை பேசவில்லை. டீ ஆறிப்போகுமுன் தீர்ப்புச் சொன்னார். தலைப்பு: ‘கிருஷ்ணகிரி மாவட்டத் தொல்லியல் தடயங்கள் – ஓர் ஆய்வு’. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். “சார், அப்ப அந்தக் கேள்வி?” என்று அவள் தயங்கியபோது அவர் அன்பாகத்தான் சொன்னார்: “அதெல்லாம் பட்டம் வாங்கின பிறகு பாத்துக்கலாம்மா. மொதல்ல பட்டம்.”

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆய்வுத் துறை தன்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரே கேள்வியை மிக்சர் கொறித்துக்கொண்டே கொன்றுபோட்டதை நான் வேறு எப்படிப் பார்ப்பது?

ஏன் இப்படி என்று விசாரித்தால் கணக்கு எளிது. பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி ஒரு பேராசிரியர் எட்டு ஆய்வாளர்களை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. எட்டுப் பேருக்கும் எட்டுக் கேள்வி வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும், படிக்க வேண்டும், களத்துக்குப் போக வேண்டும். மாவட்டமும் வட்டமும் அப்படியல்ல. வருவாய்த் துறை ஏற்கெனவே யோசித்து வைத்துவிட்டது. 38 மாவட்டம், முந்நூறுக்கும் மேற்பட்ட வட்டம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வரப்பு போடுவது மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம்: உனக்கு ஊத்தங்கரை, உனக்குப் போச்சம்பள்ளி. அரசு ஒரு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து அறிவிக்கும்போதெல்லாம் ஊரில் பட்டாசு வெடிக்கிறதோ இல்லையோ, எங்கோ ஒரு நெறியாளர் நிம்மதியாக மூச்சு விடுகிறார்.

இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்திய மனிதன் தாசில்தார் எல்லை பார்த்துச் செத்தானா? ஓடைக்கு இக்கரை ஒரு வட்டம், அக்கரை இன்னொரு வட்டம். இக்கரையில் வீடு, அக்கரையில் இடுகாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு ஒருவர் ஆய்வேட்டில் போய்விடும், பிணம் இன்னொருவர் ஆய்வேட்டில் போய்விடும். இரண்டு பேருக்கும் பட்டம் கிடைத்துவிடும். வீட்டுக்காரனும் பிணமும் ஒரே ஆள் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

தலைப்பு இப்படி அமைந்துவிட்டால் திட்டமிடுவதற்கு ஒன்றுமில்லை. ஆய்வேடு தானாகவே எழுதிக்கொள்ளும். முதல் இயல் புவியியல்: மழையளவு, மண்வகை, ஆறுகள், காடுகள். மாவட்டக் கெசட்டியர் எதற்கு இருக்கிறது? இரண்டாம் இயல் முன்னோர் ஆய்வு: 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் குனிந்து ஒரு கற்கோடரியை எடுத்த கதை. உங்கள் ஆய்வு கன்னியாகுமரியைப் பற்றியதாக இருந்தாலும் ஃபூட் பல்லாவரத்தில் குனிந்தே ஆக வேண்டும். அந்த மனிதர் நிலவியல் துறைக்காரர். பாறையைப் பார்க்கப் போனவர் கண்ணில் கருவி பட்டது, ஏன் இங்கே கிடக்கிறது என்று கேட்டார். அவர் கேட்டதை விட்டுவிட்டார்கள், குனிந்ததை மட்டும் நூற்று அறுபது ஆண்டுகளாக மறுபதிப்புச் செய்கிறார்கள். மூன்றாம் இயல் பட்டியல்: இன்ன ஊரில் நடுகல், இன்ன ஊரில் கல்வட்டம், இன்ன ஊரில் நெடுங்கல். நடுகல் படத்தில் ஆய்வாளரின் செருப்பு நுனி தெரியும், அளவுகோல் தெரியாது. எந்தக் கல் எந்தக் கல்லோடு சேர்ந்தது, ஏன் இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை என்பதெல்லாம் பட்டியலுக்கு அப்பாற்பட்டவை.

திருட்டுக்குக் காவல் இல்லையா என்றால், இருக்கிறது. மானியக் குழுவின் 2018 விதிப்படி பத்து விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. கண்டுபிடிப்பது மென்பொருள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழைக் கொடுத்தால் அந்த மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை, எதனோடும் ஒத்துப்போகாது. சுத்தமான, சுயமான, உலகில் வேறெங்கும் இல்லாத படைப்பு என்று சான்றிதழ் தந்துவிடும். கட்டுரை வெளியிடும் கதையும் இதேதான். ஆய்விதழ்களை வடிகட்ட கேர் பட்டியல் என்று ஒன்று வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். பணம் கட்டினால் போட்டுத்தரும் இதழ்கள் பட்டியல் இருந்தபோதும் பிழைத்தன, இல்லாதபோதும் பிழைக்கின்றன.

சரி, பிடிவாதக்காரியான அந்தப் பெண் தன் கேள்வியைத்தான் ஆராய்வேன் என்று கிளம்பினால் என்ன ஆகும்? முதல் கட்டத்துக்குக் காசு அதிகம் வேண்டாம், கால் போதும். வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்டுப் போன உழவு நிலத்தில் ஓடுகள் மேலே வந்து கிடக்கும். வரிசை வரிசையாக நடக்க வேண்டும். கருப்பு-சிவப்பு ஓட்டின் விளிம்புத் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் உள்ளேயும் விளிம்போரமும் கருப்பு, அதற்குக் கீழே வெளியே சிவப்பு. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதற்கு அது சாட்சி. எடுத்த இடத்தைக் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் குறித்து, பையில் போட்டுச் சீட்டு எழுத வேண்டும். எந்த வயலில் அரவைக்கல்லும் தக்களியும் அன்றாடப் புழக்கத்து ஓடுகளும் சேர்ந்து கிடக்கின்றனவோ அங்கேதான் குடியிருந்திருப்பார்கள். கசடு மேட்டு ஓடும் கல்வட்டத்து ஓடும் குடியிருப்பு ஓடும் ஒரே கைவேலையா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மழைக்காலம் விடாமல் நடந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

நடக்க விடுவார்களா? கிராம நிர்வாக அலுவலர் கேட்கிற முதல் கேள்வி, “புதையலாம்மா?” நிலத்துக்காரர் கேட்பது அதைவிட நியாயம்: “நீ எழுதிக்கிட்டுப் போயி கொடுத்தா அரசாங்கம் நெலத்த எடுத்துக்குமா?” பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று 2010-இல் தொல்சின்னச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தச் செய்தி வரப்பு வரப்பாக நடந்து அவர் காதுக்கு வந்துவிட்டது. அவர் பயம் எனக்குப் புரிகிறது. தலைப்புக் குழுவில் இருந்த யாரையும்விட அவர் ஒழுங்காகக் கேள்வி கேட்கிறார்.

அடுத்து, தோண்ட வேண்டும். தோண்ட ஆசைப்பட்டால் போதாது. அந்த 1958 சட்டப்படி அகழாய்வுக்கு டெல்லியிலிருந்து உரிமம் வர வேண்டும். துறைத்தலைவர் எழுதி, பதிவாளர் கையெழுத்திட்டு, டெல்லியில் குழு கூடி, ஒரு பருவத்துக்கு அனுமதி வந்தால் உண்டு. அடுத்த பருவத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து. ஆய்வு மாணவிக்கு விதிப்படி இருப்பது குறைந்தது மூன்று ஆண்டு, நீட்டிப்பு வாங்காவிட்டால் அதிகம் போனால் ஆறு. சரி, அரசு நடத்தும் அகழாய்வில் போய்ச் சேர்ந்துகொள்ளலாமே? சேரலாம். குழிக்குள் இறங்கி வெயிலில் தூரிகையால் மண் தட்டலாம், வரைபடம் வரையலாம், ஓட்டில் எண் எழுதலாம். அதையெல்லாம் தன் ஆய்வேட்டில் போட மட்டும், பெரும்பாலும், அதிகாரபூர்வ அறிக்கை வெளிவரும்வரை காத்திருக்க வேண்டும்.

அறிக்கைதானே? வரும், வரும். ஆதிச்சநல்லூரைக் கேளுங்கள். 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அதன் பிறகு இந்தியத் தொல்லியல் துறை மறுபடி அங்கே கடப்பாரை வைத்தது 2004-இல். அப்போது எடுத்த மாதிரிகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்ப நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. கி.மு. 905, கி.மு. 696 என்று முடிவு 2019-இல் வெளியே வந்தது. நடுவில் பதினைந்து ஆண்டு. 2004-இல் அதை நம்பி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த ஒரு பிள்ளையைக் கற்பனை செய்து பாருங்கள்: பதிவு காலாவதியாகி, கல்யாணமாகி, அவர் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும், மாதிரி மட்டும் பெட்டிக்குள் இருக்கும்.

கீழடிக்கு வருவோம். இந்தியத் தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா முதல் இரண்டு கட்டம் தோண்டினார். 2017-இல் அசாமுக்கு மாற்றினார்கள். 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்துவிட்டு 2025 மே மாதம், காலகட்டத்துக்கு இன்னும் ஆதாரம் வேண்டும், திருத்திக் கொடு என்று திருப்பினார்கள். திருத்த மாட்டேன் என்றார். ஜூனில் மறுபடி இடமாற்றம். ஆய்வு மாணவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இயலைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் வாசலில் நிற்பதும், ‘இன்னும் கொஞ்சம் பாரு’ என்று பென்சில் கோட்டோடு திரும்பி வருவதும் அவர்கள் தினசரி பார்ப்பது. நெறியாளர்களுக்கெல்லாம் பெரிய நெறியாளர் டெல்லியில் இருக்கிறார், அவ்வளவுதான். ஒரு கேள்வி மட்டும் எனக்கு: ஆதிச்சநல்லூர் மாதிரியைப் பதினைந்து ஆண்டு பெட்டியில் வைத்திருந்தபோது இந்த அறிவியல் கறார் எங்கே உறங்கிக்கொண்டிருந்தது?

டெல்லியைத் திட்டினால் சென்னையில் கைதட்டுவார்கள் என்று தெரியும். கையை இறக்குங்கள். 2025 ஜனவரி 23 அன்று சிவகளையில் தோண்டி எடுத்த இரும்பின் காலம் கி.மு. 3345-க்குப் போகிறது என்று மேடையில் அறிவித்தீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த கணக்கு. அதை நான் கிண்டல் செய்யவில்லை, பெருமையாகத்தான் இருக்கிறது. அதே ஜனவரியில் சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்றீர்கள். வெளிநாட்டு ஆய்வகத்தில் ஒரு கரித்துண்டுக்குக் காலம் கணிக்க ஏறத்தாழ ஐந்நூறு அறுநூறு டாலர் ஆகும். பத்து லட்சம் டாலருக்கு ஆயிரத்தைந்நூறு கரித்துண்டுக்கு மேல் கணித்துவிடலாம். ஆயிரத்தைந்நூறு காலக்கணிப்பு இருந்தால் தமிழகத்து இரும்புக்காலத்தின் வரைபடமே மாறிவிடும். எழுத்தைப் படிக்கிற மகான் எப்போது வருவாரோ தெரியாது. கிருஷ்ணகிரிக் கரட்டடியில் கசடு இன்றைக்கே கிடக்கிறது. அந்தப் பெண் ஒரே ஒரு மாதிரிக்குப் பணம் கேட்டு மனுப் போட்டால், அதற்கான கணக்குத் தலைப்பு இல்லை என்று பதில் வரும். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுக்கிறவர்களிடம் கணக்குக்குத் தலைப்பு இல்லை!

நெட் தேர்வில் உதவித்தொகையோடு தேறியவருக்கு மாதம் 37,000 ரூபாய். தேறாதவர் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு, நெறியாளர் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டு, வாரக் கடைசியில் பேருந்து பிடித்துக் களத்துக்குப் போக வேண்டும். கரித்துண்டுக்கு ஐந்நூறு டாலர் அவர் எங்கிருந்து போடுவார்? புதுடெல்லியில் நம் நாட்டு ஆய்வகமே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வரிசையும் இருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருகிற இடம் இதுதான்: மேசையில் இருந்தவர்களுக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் இந்தக் கேள்வி வேண்டாம். சென்னைக்கு எண் மூத்ததாக இருக்க வேண்டும், டெல்லிக்கு எண் இளையதாக இருக்க வேண்டும், மேசைக்கு எண்ணே வேண்டாம், பக்க எண் போதும். இரும்பு உருக்கியவன் எங்கே படுத்தான், என்ன தின்றான், பிள்ளையை எங்கே புதைத்தான் என்று தெரிந்துகொள்ள எவருக்கும் அவசரமில்லை.

அவசரம் வேறொருவருக்கு இருக்கிறது. கல் குவாரிக்காரருக்கு. கல்வட்டத்துக்கு நட்ட கல் அவருக்கு வெட்டும் வேலை மிச்சம். அவருக்குத் தலைப்பு அங்கீகாரம் தேவையில்லை, ஜேசிபி ஓட்டுநர் ஒருவர் போதும். மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியில் தமிழி கல்வெட்டு, சமணப் படுக்கை, குடைவரைக் கோயில் எல்லாம் உண்டு. 2022-இல் பல்லுயிர் மரபுத் தலம் என்று அறிவித்தார்கள். அந்த ஊரும் அடங்கிய பகுதியை 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ரத்து செய்ய வைத்தவர்கள் டிராக்டரோடும் நடந்தும் தெருவுக்கு வந்த ஊர்க்காரர்கள். மதுரைச் சமண மலைகளைப் பற்றி எழுதி அட்டை போட்ட ஆய்வேடுகளில் ஒன்று ஏலப் பட்டியல் தயாரித்தவர் மேசைக்குப் போயிருந்தால், அதன்மேல் டீ கிளாஸ் வைத்திருப்பார். ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்கு ஊரைத் தூக்கிப் போடுவது அவருக்குக் கஷ்டமான வேலையும் அல்ல.

கீழடியின் கதையும் பல்கலைக்கழகத்தில் தொடங்கவில்லை. 1970களில் அங்கே பாலசுப்பிரமணியம் என்ற பள்ளி ஆசிரியர், பிள்ளைகள் கிணற்று மண்ணிலும் தோப்பிலும் பொறுக்கி வந்ததைப் பத்திரப்படுத்தி, தொல்லியல் துறைக்குச் சொன்னார். தோண்டுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு பிடித்தது. அவருக்கு எந்தக் குழுவும் தலைப்பு தரவில்லை. தந்திருந்தால் ‘இராமநாதபுரம் மாவட்டத் தொல்லியல் தடயங்கள் – ஓர் ஆய்வு’ என்று ஒன்று கிடைத்திருக்கும், கீழடி கிடைத்திருக்காது.

குழு தலைப்பு தந்த ஆய்வேட்டுக்குக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளருக்கு ரயில் டிக்கெட், அறை, பிரியாணியா சைவமா என்ற விசாரணை, பொன்னாடை. இவையெல்லாம் எந்த விதியிலும் இல்லை, எல்லா மாணவருக்கும் மனப்பாடம். தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டுவார், எழுத்துப்பிழை ஒன்றிரண்டு சொல்வார், சங்க இலக்கியச் சான்று இன்னும் சேர்த்திருக்கலாம் என்பார். பிறகு முடிவுரைக்குப் போவார். நான் பார்த்த வட்டார ஆய்வேடுகள் எல்லாவற்றுக்கும் முடிவுரையின் கடைசி வரி ஒன்றேதான்: இப்பகுதியில் விரிவான அகழாய்வு மேற்கொள்ளப்பட்டால் மேலும் பல உண்மைகள் வெளிவரும். முந்நூறு பக்கம் எழுதியவர், ஆறு ஆண்டு பதிவில் இருந்தவர், பட்டம் வாங்கப்போகிறவர், வேலையை இனி யாராவது செய்ய வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். தேர்வாளர் அந்த வரியின் கீழே கோடிட்டு “நல்ல பரிந்துரை” என்கிறார். அடுத்த வட்டத்துக்காரர் அதே வரியை எழுத்து மாறாமல் எடுத்துப் போடுகிறார். மென்பொருள் அதைப் பத்து விழுக்காட்டுக்குள் மன்னித்துவிடுகிறது.